ஹலாலை உண்கிறோம், ஹலாலாக உண்கிறோமா?

 

 

உணவு விஷயத்தில் நாம் பேணுதல் உள்ள சமுதாயம். எந்த ஊருக்குப் போனாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே ஹலால் கிடைக்குமா?" என்பதுதான். அது ஈமானின் அடையாளம்; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் கிடைத்தவுடன் நம் பேணுதல் முடிந்துவிடுகிறதா? என் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி இதை விளக்க விரும்புகிறேன். இதில் நானும் குற்றவாளிதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாதத்தில் தராவீஹ் தொழவைப்பதற்காக அமெரிக்காவின் ஒரு நகரத்திற்குச் சென்றிருந்தேன். என் தங்கையின் குடும்பம் அங்குதான் வசிக்கிறது. பெருநாள் கழிந்த சில தினங்களில் மச்சான் எங்களை ஒரு சீன உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். 'பஃபே' முறையில் இயங்கும் உணவகம் அது. நுழைவாயிலில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். உள்ளே சென்றால் நீண்ட வரிசைகளில் ஆவியின் சூட்டில் வைக்கப்பட்ட எஃகுத் தட்டங்கள். முட்டை சேர்த்து வறுத்த சோறு, நூடுல்ஸ், எள் தூவிய இனிப்புக் கோழி, ப்ரோக்கோலியுடன் மாட்டிறைச்சி, இறால், நண்டுக் கால்கள், சூப், பழங்கள், ஐஸ்கிரீம் என்று கண் கொள்ளாத வகைகள். நாமே தட்டை ஏந்திச் சென்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இந்த உணவகங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா 1882ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. 1943ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. ஏற்கெனவே அங்கிருந்த சீனர்களுக்குப் பல தொழில்கள் மறுக்கப்பட்டன. சலவைக் கடையும் சாப்பாட்டுக் கடையுமே பலருக்கு வாழ வழியாயின. உள்ளூர் மக்களின் நாவுக்கு ஏற்ப இனிப்பும் பொரிப்பும் கூட்டி அவர்கள் உருவாக்கிய பண்டங்கள் பலவற்றைச் சீனாவிலேயே காண்பது அரிது. இன்று அந்நாட்டின் சிறிய ஊர்களிலும் ஒரு சீன உணவகம் இருக்கிறது. சொந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்கள் நாள் முழுதும் அடுப்படியில் நின்று நடத்துகின்ற தொழில் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"நாம் மீன், இறால், காய்கறி மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்றார் மச்சான். நான் பணியாளர் ஒருவரிடம் மச்சான் மூலம் சில கேள்விகள் கேட்டேன். மீனும் பன்றி இறைச்சியும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றனவா? குழம்பில் சமையல் மது சேர்க்கிறீர்களா? அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். எண்ணெய் ஒன்றுதான்; பல குழம்புகளில் அரிசி மது சேர்கிறது. ஒரு தட்டத்தின் இடுக்கியை மக்கள் அடுத்த தட்டத்திலும் போடுவதை நானே கண்ணால் கண்டேன்.

ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையிலுள்ள ஐயத்திற்குரியவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இங்கே ஐயம்கூட இல்லை, விஷயம் தெளிவாகிவிட்டது. கடல் உணவு என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் நண்டைத் தவளையுடன் சேர்த்துக் கூடாதவற்றில் எண்ணியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபிலோ கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். ஆகவே அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

அன்று நாங்கள் தனியே வைக்கப்பட்டிருந்த பழங்களை மட்டும் உண்டோம். உணவை யாரும் குறை சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு நான்கு துண்டு தர்பூசணியுடன் எழுந்தபோது மனம் நிறைவாகவே இருந்தது.

இரண்டாவது அனுபவம்

மறுவாரம் மச்சான் மகிழ்ச்சியோடு வந்தார். "மச்சான், ஒரு மணி நேரத் தொலைவில் ஹலால் சீன பஃபே ஒன்று இருக்கிறதாம். இறைச்சி முழுதும் ஹலால். மதுவும் இல்லை, பன்றியும் இல்லை. பள்ளிவாசலில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்" என்றார். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

உணவகத்தின் வாசலில் ஒரு பலகை. 'ஹலால்' என்று அரபியிலும், அதன் அருகே சீன மொழியில் இரண்டு எழுத்துகளும் இருந்தன. அந்த இரண்டு எழுத்துகளின் பொருள் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை.

கட்டணம் பெரியவர்களுக்கு 18 டாலர்; 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 9 டாலர். கல்லாவில் இருந்த பெண்மணி என் தங்கை மகனைப் பார்த்து, "இவருக்கு என்ன வயது?" என்று கேட்டார். அவனுக்கு 11 வயது. மச்சான் தயங்காமல் "ஒன்பது" என்றார். பையன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். விருந்தாளியாக வந்த இடத்தில் ஏன் பேச வேண்டும் என்று என் நஃப்ஸ் எனக்குச் சமாதானம் சொன்னது.

உள்ளே சென்றோம். அன்று நான் கண்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் உணவகத்தில் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே ஹலால் என்றவுடன் கடிவாளம் அவிழ்ந்துவிட்டது. 'கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?' என்ற ஒரே நினைப்பு. நானும் தட்டில் கோழி வைத்தேன். அதன் மேல் மாட்டிறைச்சி. அதன் மேல் நூடுல்ஸ். பாதி உண்பதற்குள் வயிறு நிறைந்தது. ஆனாலும் "மச்சான், அந்த ஆட்டிறைச்சி சூடாக வந்திருக்கிறது" என்றார் அவர். எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்தேன். முடிவில் எங்கள் மேசையில் ஏழு தட்டுகள் பாதி உண்ட நிலையில் கிடந்தன. அவற்றில் இரண்டு என்னுடையவை. பக்கத்து மேசையில் நம்மவர் ஒருவர், பொரித்த கோழித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைப்பதையும் கண்டேன்.

வயதான சீனத் தொழிலாளி ஒருவர் வந்து தட்டுகளை அள்ளி, எஞ்சியதை ஒரு தொட்டியில் வழித்துப் போட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. தினமும் காண்கின்ற காட்சிதானே!

சிறுவனின் கேள்வி

இரவு வீடு திரும்பியபின் தங்கை மகன் என் அறைக்கு வந்தான். அந்த ரமளானில் முதன்முறையாக அவன் முப்பது நோன்பையும் பிடித்திருந்தான். "நீ பெரிய ஆளாகிவிட்டாய்" என்று வீட்டில் எல்லோரும் பாராட்டினோம். பெருநாள் அன்று முன் ஸஃப்பில் என் பின்னால் நின்றான். அவன் கேட்டான்:

"மாமா, நோன்பு பிடிக்கும்போது எனக்கு 11 வயது. சாப்பாட்டுக் கடையில் மட்டும் ஏன் 9 வயது?"

சகோதரர்களே! பல ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறுவயதுச் சம்பவம் ஒன்றை அறிவிக்கிறார்கள். அவர்களின் தாயார், "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்று அவர்களை அழைத்தார். வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன தருவதாக இருக்கிறாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் தரப்போவதாகத் தாயார் சொன்னார். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. குழந்தையை அழைப்பதற்குச் சொல்லும் ஒரு வார்த்தைக்கே இந்த எச்சரிக்கை என்றால், குழந்தையையே சாட்சியாக நிறுத்திக்கொண்டு சொல்லும் பொய்க்கு என்ன நிலை?

அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி அல்லாஹ் ஒரு தனி அத்தியாயமே அருளியுள்ளான். தாம் வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்பது 83ஆம் அத்தியாயத்தின் தொடக்கக் கருத்து. தராசு பிடிக்கும் வணிகருக்கு மட்டுமா இது? பெரியவரின் அளவுக்கு உண்டுவிட்டுச் சிறுவனின் கட்டணம் கொடுப்பதும் வாங்கும்போது நிறைத்து, கொடுக்கும்போது குறைப்பதுதானே?

இந்த ஒப்பந்தம் என்ன?

"எவ்வளவு உண்போம் என்று தெரியாமல் ஒரே விலை பேசுவது கூடுமா?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். விற்கப்படும் பொருளின் அளவு தெரியாமல் இருப்பது 'கரர்' ஆகும். இக்காரணத்தால் பஃபே முறையைக் கூடாது என்று சொன்ன ஆலிம்களும் உண்டு. அந்த அறியாமை சிறிதானது, மக்களால் பொறுத்துக்கொள்ளப்படுவது என்று அனுமதித்த ஆலிம்களும் உண்டு. அனுமதித்தவர்களுக்குப் பழைய முன்மாதிரி ஒன்று துணை நிற்கிறது. கட்டணம் கொடுத்துப் பொதுக் குளியலிடத்திற்குள் செல்லும்போது ஒருவர் அதிகத் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் குறைவாக ஊற்றுகிறார். ஒருவர் அதிக நேரம் தங்குகிறார், ஒருவர் விரைந்து வெளியேறுகிறார். அப்படியிருந்தும் அது கூடும் என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த அனுமதி எதன் மீது நிற்கிறது? வழக்கமாக ஒரு மனிதர் உண்ணும் அளவின் மீது நிற்கிறது. நாம் அங்கே வாங்குவது உணவுக் குவியலை அல்ல; அந்த இடத்தில் அமர்ந்து உண்ணும் அனுமதியை. விருந்தாளிக்கு முன்னால் வைக்கப்பட்ட உணவை அவர் உண்ணலாம். ஆனால் விருந்தளிப்பவரின் சம்மதம் தெரியாமல் பிறருக்கு எடுத்துக் கொடுக்கவோ, பூனைக்கு இடவோ கூடாது என்று நம் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. பஃபே உணவகமும் அது போன்றதே. உண்பது நம் உரிமை. பையில் வைப்பது உரிமையன்று. உரிமையாளரின் அனுமதி இல்லாவிட்டால் அது பிறர் பொருள். வீணாக்குவதும் உரிமையன்று.

பசியோடு இருப்பவரின் கண்

ஒரு பஞ்ச காலத்தில் மக்களுக்குப் பேரீச்சம்பழம் உணவாக வழங்கப்பட்டது. அவர்கள் உண்டுகொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், உடன் உண்பவரின் அனுமதியின்றி இரண்டிரண்டு பழங்களாகச் சேர்த்து உண்ணாதீர்கள், நபியவர்கள் அதைத் தடுத்துள்ளார்கள் என்று நினைவூட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. பொதுத் தட்டில் கை வைப்பவன், தன் வயிற்றுக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரின் பங்கை நினைக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் கடற்கரை ஊர்களில் ஸஹன் சாப்பாடு உண்டல்லவா? ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, நடுவிலுள்ள இறைச்சித் துண்டைப் பெரியவர்கள் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவரின் பக்கம் தள்ளி வைப்பார்கள். தன் அளவுக்கு மேல் எடுக்க அங்கே கை கூசும். மற்றவரின் கண் நம்மைக் காக்கும். பஃபேயில் அந்தக் கண் இல்லை. யாரும் கேட்கமாட்டார்கள். அப்போதுதான் தெரிகிறது, நாம் இதுவரை அஞ்சியது அல்லாஹ்வின் பார்வையையா, ஸஹனில் எதிரே அமர்ந்தவரின் பார்வையையா என்று! இன்று நம் வலீமா மண்டபங்களிலும் பஃபே வரிசைகள் வந்துவிட்டன. தொட்டிகளில் எஞ்சிக் கிடக்கும் பிரியாணியைப் பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் உணவகங்களில் அன்று, வீடுகளில் வீணானது. சீன நாட்டில் 2021ஆம் ஆண்டு உணவு விரயத்திற்கு எதிராக ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அளவு மீறி மிச்சம் வைப்பவரிடம் உணவகம் அதற்கான கட்டணம் கேட்கலாம் என்று அது கூறுகிறது. உண்ணவும் பருகவும் அனுமதித்து, விரயத்தை மட்டும் தடுக்கின்ற இறைவசனம் (7:31) அருளப்பட்டுப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. அதை ஓதுகின்ற நம் தட்டுகளில் ஏன் மிச்சம் கிடக்கிறது?

வயிற்றைவிடக் கெட்ட பாத்திரத்தை மனிதன் நிரப்புவதில்லை. முதுகை நிமிர்த்தச் சில கவளங்கள் போதும். அவசியமானால் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்தில் மிக்தாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழி திர்மிதீயில் உள்ளது. 'காசு கொடுத்துவிட்டேன்' என்பது நான்காவது பங்கு அல்ல!

பலகையின் இரண்டு எழுத்துகள்

அன்றிரவு நான் மச்சானிடம் சென்றேன். முதலில் என் தவறைச் சொன்னேன்: "நான் அங்கேயே பேசியிருக்க வேண்டும். வாய் மூடி இருந்துவிட்டேன். இரண்டு தட்டு உணவையும் வீணாக்கினேன்" என்றேன். பிறகு மகனின் கேள்வியைச் சொன்னேன். "இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மச்சான்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நீண்ட நேரம் பேசவில்லை.

பாவமன்னிப்புக்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் கூறுவார்கள்: பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல். அது மனித உரிமை சம்பந்தப்பட்டதானால் நான்காவதாக ஒன்று சேரும்: உரியவரிடம் உரிமையைத் திருப்பி ஒப்படைத்தல். அந்தப் பெண்மணி முஸ்லிமா இல்லையா என்று பார்த்து இந்தச் சட்டம் மாறுவதில்லை.

மறுநாள் ளுஹர் தொழுதபின் மச்சான் தாமாகவே மகனை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் உடன் சென்றேன். 9 டாலருக்காகப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கல்லாவில் அதே பெண்மணி. "இவனுக்கு 11 வயது. நேற்று நான் தவறாகச் சொன்னேன். இது மீதிப் பணம்" என்றார் மச்சான். அப்பெண்மணி பையனைப் பார்த்தார், தந்தையைப் பார்த்தார், பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார். பிறகு ஒரு ரசீதை எடுத்துப் பையனின் கையில் கொடுத்தார். வீணாக்கிய தட்டுகளுக்காக நானும் வருத்தம் தெரிவித்து, அவற்றுக்கான விலையைத் தர முன்வந்தேன். "வேண்டாம். அடுத்த முறை கொஞ்சமாக எடுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுங்கள்" என்று சிரித்தார். ஒரு ஹஜ்ரத்துக்கு அன்று கிடைத்த நஸீஹத் அது.

புறப்படும்போதுதான் பலகையிலுள்ள அந்த இரண்டு சீன எழுத்துகளைப் பற்றிக் கேட்டேன். "சிங் ஜென்" என்று வாசித்துக் காட்டினார். சீன முஸ்லிம்கள் ஹலால் உணவுக்கு வழங்கும் சொல் அது. அங்கே பள்ளிவாசலின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. முதல் எழுத்துக்குத் தூய்மை என்று பொருள். இரண்டாவது எழுத்துக்கு உண்மை என்று பொருள்.

சகோதர சகோதரிகளே! முதல் எழுத்தை நாம் தேடித் தேடிப் பார்க்கிறோம். இறைச்சி தூய்மையானதா, எண்ணெய் தூய்மையானதா என்று விசாரிக்கிறோம். தொடர்ந்து விசாரிக்கவும் வேண்டும். ஆனால் அதே பலகையின் கீழ் நின்றுகொண்டு இரண்டாவது எழுத்தை நாங்கள் மிதித்துவிட்டோம். அறுப்பில் பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்ட கோழி, பொய் சொல்லி வாங்கப்பட்டால் அதன் பரக்கத் எங்கே?

ஆகவே குடும்பத்தோடு வெளியில் உண்ணச் செல்லும்போது சிலவற்றை உறுதி செய்துகொள்வோம். உணவின் மூலத்தை விசாரிப்போம். விசாரிக்கும்போது பணியாளரைக் கண்ணியமாக நடத்துவோம். வயதையோ எண்ணிக்கையையோ குறைத்துச் சொல்லமாட்டோம். முதலில் சிறிது எடுப்போம். முடித்தபின் மீண்டும் எடுப்போம். குழந்தைகளுக்கு நாம் பரிமாறுவோம். அவர்கள் மிச்சம் வைத்தால் நாம் உண்போம். அனுமதியின்றி ஒரு துண்டையும் வெளியே எடுத்து வரமாட்டோம். நம் தட்டைக் கழுவுபவரும் ஒரு குடும்பத்தின் பசிக்காக நிற்பவர் என்பதை மறக்கமாட்டோம்.

வல்ல ரஹ்மான் நம் உணவைத் தூய்மையாகவும், நம் நாவை உண்மையாகவும் ஆக்குவானாக! நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுக்கு வெட்கமின்றிப் பதில் சொல்லும் வாழ்வை நமக்கு அருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!